கஞ்சாக் கடை விஷயமாக நான் எழுதிய மூன்று காகிதங்கள்

1

கும்பகோணத்திலிருந்து என் மைத்துனன் சாமிநாதன் போட்ட கார்டு போன வாரம் வந்தது. கல்கத்தாவில் சர்க்காரே லைசென்ஸ் கொடுத்துக் கடை வைத்துக் கஞ்சா விற்கிறதாமே, நீங்களும் அந்த இலாகாவில்தான் உத்தியோகம் பார்க்கிறீர்களாமே, இது அடுக்குமா, கடை இருக்கலாமா கூடாதா என்று கேட்டிருந்தான். பெரிய நியாயாதிபதி மாதிரி ‘ஒரு வரியில் பதில் போடவும்’ என்று அடியில் வேறு எழுதியிருந்தான்.

நம் பக்கத்திலும் லைசென்ஸ் கடை உண்டு, அவன் பார்த்ததில்லை, அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு வரி எனக்கு எழுத வரவில்லை. மூன்று கார்டு கிழித்துப் போட்டேன். கடைசியில் இப்படி நீளமாக எழுதி ஊர்ப் பத்திரிகைக்கே அனுப்பிவிடுவது என்று தீர்மானித்தேன். நான் ஆப்காரி ஆபீஸில் குமாஸ்தா. சாராயம், அபினி, கஞ்சா இவற்றின் லைசென்ஸ் காகிதங்கள் என் மேஜை வழியாகத்தான் போகும். இந்தக் காளிகாட் சந்தில் தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் நானும் என் சம்சாரமும்தான். அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

2

சென்ற விஜயதசமியோடு நான் இந்த ஊருக்கு வந்து பத்து வருஷம் முடிந்தது. நமக்கு விஜயதசமி என்றால் சரஸ்வதி பூஜைக்கு மறுநாள், குழந்தைகளுக்கு அட்சராப்பியாசம். இங்கே அன்று துர்க்கையை ஆற்றில் விட்டுவிட்டு வந்து ஒருவரை ஒருவர் கட்டிக்கொள்வார்கள். வீட்டுக்கு வீடு போவார்கள். போன இடத்தில் இனிப்பும், ஸித்தி என்று ஒரு பானமும் கொடுப்பார்கள். பாங்கு இலையை அரைத்துப் பால், சர்க்கரை, மிளகு சேர்த்துக் கலக்கியது. அம்பாளின் பிரசாதம் மாதிரி அது. வேண்டாம் என்றால் மனஸ்தாபம்.

முதல் வருஷம் எதிர்வீட்டு ஹரநாத பாபு எனக்கு ஒரு வெள்ளித் தம்ளர் நிறையக் கொடுத்தார். அவர்கள் உதட்டில் வைத்து ஒரு வாய் உறிஞ்சிவிட்டுக் கீழே வைத்துவிடுகிறார்கள். நாம் எச்சில் பண்ணுவோமா? ராமநவமிப் பானகம் போல் அண்ணாந்து ஊற்றிக்கொண்டேன். ஊற்றுகிறபோது பாதியில் நிறுத்தினால் மேலெல்லாம் சிந்தும், ஆகவே தம்ளர் காலி. மதராஸி பாபுவுக்குப் பழக்கம் உண்டு போலிருக்கிறது என்று ஹரநாத பாபு சந்தோஷப்பட்டு இன்னொரு தம்ளர் ஊற்றினார். அன்பாகக் கொடுப்பதை மறுப்பது மரியாதை இல்லையே என்று அதையும் ஊற்றிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து ரசச் சட்டியைப் பார்த்து ஒரு மணி நேரம் சிரித்தேனாம். என் சம்சாரம் ஞானம் பயந்துபோய் அழுதிருக்கிறாள். அந்த இலையின் வாடைகூட இந்த வீட்டுப் படி ஏறக்கூடாது என்று மறுநாள் உத்தரவு போட்டாள்.

சென்ற விஜயதசமி மாலையும் ஹரநாத பாபு எங்கள் வாசலுக்கு வந்தார். கட்டிக்கொண்டார். பின்னால் வந்த வேலைக்காரியின் கையில் எனக்காக வழக்கமான தம்ளர். அவர் கையில் ஒரு வெள்ளைத் தாள். சந்துக் கோடியில் இருக்கும் கஞ்சாக் கடையின் லைசென்ஸை அடுத்த வருஷம் புதுப்பிக்கக்கூடாது என்று ஆப்காரிக்கு ஒரு பெட்டிஷன் போட வேண்டும், சந்தில் இங்கிலீஷ் நன்றாக எழுதுகிறவர் நீங்கள்தான் என்றார்.

நான் தம்ளரைப் பார்த்தேன், தாளைப் பார்த்தேன். இரண்டும் ஒரே செடிதானே என்று மெதுவாகக் கேட்டேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. குழந்தைக்குச் சொல்வது போல், “இது பூஜை, மஷாய். அது போதை” என்றார்.

எங்கள் ஆபீஸ் ரிஜிஸ்டரிலும் கஞ்சாவுக்கு ஒரு பத்தி, பாங்குக்கு ஒரு பத்தி தனித்தனியாகத்தான் இருக்கிறது. ஆகவே நானும் தாளை வாங்கி வைத்துக்கொண்டேன். என் குழப்பம் அன்று ஆரம்பித்தது.

3

பெட்டிஷனுக்குக் காரணம் நிர்மல். ஹரநாத பாபுவின் அண்ணன் மகன். தகப்பனார் போனபின் இவர் வீட்டில்தான் வளர்ந்தான். இருபத்திரண்டு வயது. இரண்டு தரம் பி.ஏ. பரீட்சை தவறியவன். சந்தில் யார் வீட்டில் பிணம் விழுந்தாலும் முதலில் தோள் கொடுக்க வருகிறவன். என் பெண் குஞ்சுவுக்கு வங்காளி எழுத்துச் சொல்லிக் கொடுத்தவன் அவன்தான். அவளுக்கு இப்போது ஒன்பது வயது. வீட்டில் தமிழில் கேட்டால் வங்காளியில் பதில் சொல்கிறாள், திட்டினால் நிர்மல் அண்ணாவிடம் போய்ப் புகார் சொல்கிறாள்.

அவன் கஞ்சா பிடிக்கிறான் என்பது சந்துக்கே தெரியும். பெட்டிஷனுக்கு முந்தின கோடையில் மூன்று நாள் சுவரைப் பார்த்துத் தனக்குள் பேசிக்கொண்டிருந்தான். சாப்பிடவில்லை, சித்தப்பாவை அடையாளம் தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் வைத்து அழைத்து வந்தார்கள். வந்த மறுவாரமே கடை வாசலில் நின்றான். ஹரநாத பாபு இதை எனக்குச் சொல்லும்போது வேஷ்டித் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கடை இந்தச் சந்தில் இல்லாவிட்டால் பையன் பிழைத்துப்போவான் என்பது அவருடைய நம்பிக்கை.

உட்கார்ந்து எழுதினேன். ‘மரியாதைக்குரிய ஐயா’வில் தொடங்கி ‘தங்கள் கீழ்ப்படிந்த’ வரையில் இரண்டு பக்கம். கோவிலுக்குப் போகும் ஸ்திரீகள், பள்ளிக்கூடம் போகும் பாலர்கள், சீரழியும் குடும்பங்கள் என்று ஒன்றையும் விடவில்லை. ஞானம் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு பாராவையும் தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்டாள். இன்னும் உறைக்கிற மாதிரி எழுதுங்கோ என்றாள். பத்து வருஷ ஆபீஸ் வேலையில் நான் அவ்வளவு நன்றாக எதையும் எழுதினதில்லை.

4

ஞானத்துக்கு ஒற்றைத் தலைவலி. குஞ்சுவுக்குப் பின் பிறந்த பிள்ளை இறந்த வருஷத்தில் தொடங்கியது. மாதத்தில் ஒரு தரம், சில மாதம் இரண்டு தரம் வரும். வலக்கண்ணுக்குப் பின்னால் யாரோ திருகுகிற மாதிரி என்பாள். ஜன்னலைச் சாத்திவிட்டு ஈரத்துணியைக் கட்டிக்கொண்டு சுருண்டு கிடப்பாள். அப்பளம் நொறுங்குகிற சத்தம்கூட அவளுக்கு ஆகாது. இங்கிலீஷ் டாக்டரின் சீசாக்கள், நம்மூர்ப் பத்து, காளிகோவில் நேர்த்திக்கடன், எதற்கும் கேட்கவில்லை.

நாலு வருஷத்துக்கு முன் பவானிபூரில் ஒரு கவிராஜர் கிடைத்தார். வைத்தியரை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். நெய்யும் ஏலக்காயும் மணக்கும் ஒரு லேகியம் கொடுத்தார். வலி தொடங்கும்போது சுண்டைக்காய் அளவு சாப்பிட வேண்டும். ஒரு மணி நேரத்தில் ஞானம் எழுந்து உட்கார்ந்துவிடுவாள். முதல் தரம் அப்படி அவள் எழுந்து வந்து குஞ்சுவுக்குத் தலை பின்னியதைப் பார்த்து நான் சமையலறைக்குள் போய் அழுதேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

பெட்டிஷன் அனுப்பிய மறுவாரம் டப்பாவை நிரப்பி வாங்கக் கவிராஜரிடம் போனேன். அவர் முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு முணுமுணுத்தார். காளிகாட் கடையை மூடப்போகிறார்களாமே, இந்தக் காலோடு நான் இனி டாலிகஞ்சுக்குப் போக வேண்டும், அங்கேயும் மூடச்சொல்லி எவனோ எழுதிக்கொண்டிருக்கிறானாம் என்றார்.

வைத்தியருக்குக் கஞ்சாக் கடையில் என்ன வேலை என்று கேட்டேன்.

அவர் எண்ணெய்க் கையை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். “உங்க வீட்டம்மா லேகியத்துல வேற எதுன்னு நெனச்சீங்க? நெய்யும் சர்க்கரையும் தலைவலியை நிறுத்துமா?”

தினமும் ஆபீஸில் கஞ்சா, கஞ்சா என்று நூறு தடவை எழுதுகிற நான் நாலு வருஷமாக அதை டப்பாவில் போட்டு வீட்டுக்குச் சுமந்திருக்கிறேன். மூக்கில் ஏலக்காய் மட்டும்தான் ஏறியிருக்கிறது.

நிர்மல் விஷயத்தைச் சொல்லி, அவனைக் கெடுத்தது இதுதானே என்று கேட்டேன். கெடுத்தது இதுவாகவும் இருக்கலாம், ஏற்கெனவே மனசு கலங்கின பிள்ளை அதை அடக்கிக்கொள்ள இதைப் பிடித்திருக்கவும் கூடும், எது முன்னால் எது பின்னால் என்று அவனுக்கே தெரியாது என்றார். வைத்தியரே இப்படிச் சொன்னால் குமாஸ்தா என்ன செய்வான்? டப்பாவை நிரப்பிக்கொள்ளாமலே திரும்பினேன்.

5

இது போதாதென்று கடைக்காரன் ராம்லால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து நின்றான். பீகார்க்காரன், நெற்றியில் பெரிய திலகம், கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். உங்கள் பெட்டிஷன் நன்றாக இருக்கிறதாமே, அதேபோல் எனக்கும் ஒன்று எழுதித் தர வேண்டும் என்றான். கடையை மூட வேண்டாம் என்று.

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அவன் சிரிக்கவில்லை. நான் சூரியன் சாய்ந்தால் கடையை மூடுகிறேன், சின்னப்பிள்ளைகளுக்குக் கொடுப்பதில்லை, சர்க்கார் சீல் வைத்த சரக்கைத் தவிர வேறு தொடுவதில்லை என்றான். கடை போனால் படகுக்காரனும் பல்லக்குத் தூக்குகிறவனும் ராமநாமம் சொல்லிக்கொண்டு வீட்டில் உட்காரப்போவதில்லை, சந்துக்குள் ஒளித்து விற்கிறவனிடம் போவான், அவன் ஊமத்தை விதையைக் கலந்து கொடுப்பான், அப்புறம் யார்மேல் பெட்டிஷன் போடுவீர்கள் என்று கேட்டான். இதில் எதையும் என்னால் இல்லை என்று சொல்ல முடியவில்லை. அவன் வாயால் சொன்னதை இங்கிலீஷில் எழுதித் தருவதில் பாவம் இல்லை என்று என்னையே சமாதானம் செய்துகொண்டு எழுதிக் கொடுத்தேன். வாழைப்பழத்தை மட்டும் திருப்பி அனுப்பினேன்.

மறுநாள் ஆபீஸ் அலமாரியில் இருந்த தடித்தடி வால்யூம்களை எடுத்துப் பார்த்தேன். பல வருஷத்துக்கு முன் துரைமார்கள் ஊர் ஊராகப் போய் இந்த விஷயத்தை விசாரித்து எழுதி வைத்தவை. ஒரு பக்கத்தில் ஒரு சாட்சி, இதனால் பைத்தியம் பிடிக்கிறது என்கிறார். அடுத்த பக்கத்தில் இன்னொருவர், ஏழைக்குக் களைப்பு நீங்க இதைவிட்டால் வழியில்லை என்கிறார். அதிகம் போனால் கெடுதல், மிதமாக இருந்தால் பெரிய மோசமில்லை, அடியோடு தடுக்க வேண்டியதில்லை என்று முடித்திருக்கிறார்கள். மிதம் என்பது எந்தப் படியில் நிற்கிறது, அதை நிர்மலுக்கு யார் காட்டுவது என்று தேடினேன். அந்தப் பக்கம் எனக்கு அகப்படவில்லை.

6

நான் ஒன்றை யோசிக்காமல் விட்டிருந்தேன். காளிகாட் காகிதங்கள் யாரிடம் வரும்? என்னிடம்தான்.

பெரிய ஆபீஸுக்குப் போய்த் திரும்பி, ஒரே தபாலில் இரண்டும் வந்தன. கடையை மூடு என்று ஒன்று, மூடாதே என்று ஒன்று, இரண்டும் என் கையெழுத்தில். இரண்டையும் சேர்த்து நூல் போட்டுக் கட்டித் துரையிடம் வைக்க வேண்டியதும் நான்தான். அன்று ஜுரம் என்று சொல்லி வீட்டுக்குப் போய்விடலாமா என்றுகூட நினைத்தேன்.

துரை இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ‘g’யின் வாலை நான் ஒரு மாதிரி சுழிப்பேன். அதைப் பென்சிலால் இரண்டிலும் வட்டம் போட்டார். வேலை போயிற்று என்று நினைத்தேன். அவர் திட்டவில்லை, சிரிக்கவும் இல்லை. இந்த இரண்டில் நீ எதை நம்புகிறாய் என்று கேட்டார். இரண்டையும், ஐயா என்றேன். வாயில் வந்துவிட்டது. அப்படியானால் மூன்றாவதாக ஒன்று எழுது என்றார். நீ அந்தச் சந்தில் குடியிருக்கிறாய், எனக்கு வக்கீல் வாதம் வேண்டாம், வியாழக்கிழமைக்குள் ஒரு பக்க நோட், இருக்கட்டும் அல்லது மூடலாம் என்று கடைசி வரியில் வர வேண்டும், நான் அதன்படிதான் கையெழுத்துப் போடப்போகிறேன் என்றார்.

உத்தியோகத்தில் சேர்ந்த நாளிலிருந்து யாராவது என் அபிப்பிராயத்தைக் கேட்க மாட்டார்களா என்று ஏங்கியவன் நான். கேட்டபோது, புதன்கிழமை வரை பேனாவைத் தொடவில்லை.

7

புதன்கிழமை சாயங்காலம் ஞானத்திடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவளிடம் மறைத்துக்கொண்டு அந்தக் கடைசி வரியை எழுத எனக்கு மனசு வரவில்லை.

அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். கையை நிறுத்தாமல் கேட்டாள். பிறகு, “நாலு வருஷமா அதையா தின்னுண்டிருக்கேன்?” என்றாள். கவிராஜரைக் கொஞ்சம் திட்டினாள், ஆப்காரியில் இருந்தும் மோப்பம் தெரியாத என்னை நிறையவே திட்டினாள். கையைத் துடைத்துக்கொண்டு போய் லேகிய டப்பாவை எடுத்து அலமாரி உச்சியில், தனக்கு எட்டாத இடத்தில் வைக்கச் சொன்னாள்.

மருந்து என்றால் வேறு என்று சமாதானம் சொல்லிப் பார்த்தேன். ஹரநாத பாபு என்னிடம் சொன்ன அதே தோரணையில்தான் சொன்னேன் போலிருக்கிறது. அவள் கேட்கவில்லை.

“என் தலைக்காக இன்னொருத்தியோட குழந்தையை பலி குடுக்க வேண்டாம். மூடணும்னே எழுதுங்கோ” என்றாள். கொஞ்சம் பொறுத்து, “வலி வந்தா நான் கேப்பேன். அப்போ நான் சொல்றதைக் கேக்காதீங்கோ. இப்போ சொல்றதுதான் நான் சொல்றது” என்றாள்.

மூடலாம் என்று எழுதினேன். ராம்லால் சொன்னதையும் கவிராஜர் சொன்னதையும் நடுவில் நேர்மையாகப் போட்டுவிட்டுத்தான் எழுதினேன். ஆனால் துரை கடைசி வரியைத்தான் படித்தார். அது சரியென்று தோன்றி எழுதினேனா, ஞானத்தின் முகத்தைப் பார்த்து எழுதினேனா என்று இன்றும் எனக்கு நிச்சயமில்லை.

8

புது லைசென்ஸ் வருஷம் பிறந்த அன்று ராம்லால் பலகையைக் கழற்றினான். சந்தில் இனிப்புக் கொடுத்தார்கள். ஹரநாத பாபு என்னை விஜயதசமி போல மறுபடியும் கட்டிக்கொண்டார். ராம்லால் மூட்டையோடு போகும்போது எனக்கு ஒரு நமஸ்காரம் செய்துவிட்டுப் போனான். அதற்கு அவன் நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

சித்திரையிலும் வைகாசியிலும் ஞானத்துக்கு வலி வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். டப்பாவைக் கேட்கவில்லை. குஞ்சு வாசற்படியில் உட்கார்ந்து காளியிடம் பிரார்த்தனை செய்தாள், அதுவும் வங்காளியில்தான். தமிழில் வேண்டிக்கொள் என்று சொல்லவும் எனக்கு மனசு வரவில்லை.

ஆனி மாதம் வந்தது போன்ற வலி அதற்கு முன் வந்ததில்லை. இரண்டாம் நாள் காலையில் ஞானம் கண்ணைத் திறக்காமலே, “ஏன்னா, அந்த டப்பாவை எடுங்கோ” என்றாள். அவள் முன்பு சொன்னது எனக்கு நன்றாக நினைவிருந்தது. ஏறி எடுத்துக் கொடுத்தேன். அடியில் காய்ந்து ஒட்டியிருந்ததை நகத்தால் சுரண்டித் தின்றாள். அவள் எதையும் அப்படித் தின்று நான் பார்த்ததில்லை. போதவில்லை.

கவிராஜரிடம் ஓடினேன். கையில் சரக்கு ஒரு துளிகூட இல்லை, முழங்கால் வீங்கியிருக்கிறது, நீங்களே டாலிகஞ்சிலிருந்து வாங்கி வந்தால் இன்று மாலைக்குள் கிண்டித் தருகிறேன் என்றார். அன்று சனிக்கிழமை. ஆபீஸுக்கு அரை நாள். மத்தியானம் டிராமில் ஏறி டாலிகஞ்ச் போனேன்.

கடை முன் பத்துப் பதினைந்து பேர் நின்றார்கள். படகுக்காரர்கள், வண்டிக்காரர்கள், ஒரு சாமியார். எனக்கு அந்தக் கடையின் லைசென்ஸ் நம்பர்கூட மனப்பாடம், ஆனால் எப்படிக் கேட்பது, எங்கே நிற்பது என்று தெரியவில்லை. குடையை முகத்துக்கு முன்னால் சாய்த்துக்கொண்டு கடைசியில் நின்றேன்.

எனக்கு முன்னால் இருந்தவன் திரும்பினான். நிர்மல்.

காளிகாட்டிலிருந்து நடந்தே வந்திருக்கிறான். செருப்பெல்லாம் சேறு. இளைத்திருந்தான். குடைக்கு அடியில் குனிந்து என் முகத்தைப் பார்த்தான். பிறகு அவன் ஒதுங்கி எனக்கு இடம் விட்டான்.

“காகாபாபு, நீங்க முன்னால போங்க. மழை வரப்போகுது” என்றான். நான் நகராமல் நிற்பதைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தி, “பயப்படாதீங்க. வீட்ல யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்” என்றான்.

மருந்துக்காக என்று சொல்ல வாயெடுத்தேன். அவனும் தனக்கு மருந்துக்காக என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று தோன்றிற்று. அவனுக்கு முன்னால் போய் வாங்கிக்கொண்டேன். அவனை இழுத்துக்கொண்டு வந்து டிராமில் உட்கார வைத்திருக்க வேண்டும். அதைச் செய்யவில்லை. அவமானத்தில் வேகமாக நடந்து வந்துவிட்டேன்.

பெய்கிற மழையில் வீட்டு வாசலை அடைந்தபோது ஹரநாத பாபு எதிர்த் தாழ்வாரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கூப்பிட்டார். மடியில் பொட்டலத்தோடு அங்கேயே நின்றேன். பையன் இப்போது எவ்வளவோ தேவலை, தினமும் டாலிகஞ்ச் வரை நடந்துபோய்க் காற்று வாங்கி வருகிறான், நடந்தால் உடம்புக்கு நல்லது பாருங்கள், எல்லாம் உங்கள் பேனாவின் புண்ணியம் என்றார். அவர் முகத்தில் அவ்வளவு நிம்மதியை நான் வருஷக்கணக்கில் பார்க்கவில்லை. ஆமாம் என்றேன்.

உள்ளே போனேன். சாத்திய ஜன்னல் வழியாக ஞானம் அவர் பேசியதைக் கேட்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து, கடையில் நிர்மலைப் பார்த்ததைச் சொன்னேன். அவள் கண்ணைத் திறக்கவில்லை.

“அவர்கிட்ட சொல்லிட்டேளா?”

“இல்லை.”

ஈரத்துணியை நெற்றியில் அழுத்திக்கொண்டாள். அழுகிறாளோ என்று குனிந்து பார்த்தேன்.

“சொல்லாதீங்கோ” என்றாள். “சொன்னா டாலிகஞ்ச் கடையையும் மூடச் சொல்லி உங்களைத்தான் எழுதச் சொல்லுவார்.”

பொட்டலத்தை எடுத்துக்கொண்டு கவிராஜர் வீட்டுக்குப் போனேன்.